டிஷ்ஷா, கேபிளா? கூரையையும் தெருவையும் பார்த்து முடிவெடுங்கள்

திருமலையில் பிரம்மோற்சவத்தின் ஐந்தாம் நாள் இரவு கருட சேவை நடக்கும். மாட வீதிகளில் நிற்க இடம் கிடைக்காதவர்களும், வயதானவர்களும், கைக்குழந்தைக்காரர்களும் அடிவாரத்துத் திருப்பதியில் தம் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் பார்ப்பார்கள். திருமலை திருப்பதி தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வர பக்தி சேனல் அதை நேரலையாகக் காட்டுகிறது. கோயிலுக்கும் அந்த வீட்டுக்கும் நேர்க்கோட்டில் பத்துக் கிலோமீட்டர் அளவுதான். கூரையில் டிஷ் வைத்த வீட்டுக்குப் படம் வந்து சேரும் வழியோ 72,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கு ஏறி, அங்கிருந்து அதே தொலைவு இறங்கி வருகிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் இந்தப் பயணத்துக்குக் கால் விநாடி ஆகும்.

அடுத்த வீட்டில் கேபிள் இணைப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் பார்க்கும் சேனல்களில் பெரும்பாலானவையும் அதே வானத்துக்குப் போய்த்தான் வருகின்றன. கேபிள் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூம் மொட்டை மாடியில் நிற்கும் பத்தடி, பன்னிரண்டு அடி டிஷ்கள் அதற்குத்தான். ஆகவே செயற்கைக்கோள் டிவியா, கம்பி டிவியா என்று கேட்பது சரியான கேள்வி ஆகாது. வானத்துச் சிக்னலை யார் பிடிக்கிறார்கள், எந்த அலைவரிசையில் பிடிக்கிறார்கள், பிடித்த பிறகு அது எந்த வழியாக உங்கள் வீட்டுக்குள் வருகிறது என்பதே கேள்வி. டிஷ்ஷின் பலவீனம் கூரைக்கு மேலே இருக்கிறது. கேபிளின் பலவீனம் தெருவில் இருக்கிறது. சித்தூரிலோ திருப்பதியிலோ புதிதாக இணைப்பு எடுக்கும் குடும்பம் இந்த இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டால், விளம்பரங்கள் சொல்லாத பதில் தானாகக் கிடைத்துவிடும்.

இரண்டு அலைவரிசைகள்

வீட்டுக்கு நேராக வானத்திலிருந்து டிவி என்ற எண்ணம் ஆந்திரத்துக்குப் புதிதல்ல. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நடந்த 'சைட்' சோதனையில் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அந்த ஆறில் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று. கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையால் செய்த மூன்று மீட்டர் விட்ட டிஷ்ஷை ஊர்ப் பொது இடத்தில் நிறுத்தி அந்தச் சிக்னலைப் பிடித்தார்கள். அன்று ஊருக்கு ஒன்றாக நின்ற மூன்று மீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் இன்று வீட்டுக்கு ஒன்றாக 60 சென்டிமீட்டர் டிஷ் போதுமானதாக இருக்கிறது. செயற்கைக்கோளின் சக்தி கூடியது ஒரு காரணம். அலைநீளம் குறைந்தது இன்னொரு காரணம்.

டிஷ்ஷின் வேலை அலைகளைத் திரட்டி ஒரு புள்ளியில் குவிப்பது. எவ்வளவு நன்றாகக் குவிக்கும் என்பதை அதன் விட்டத்துக்குள் எத்தனை அலைநீளம் அடங்குகிறது என்பது தீர்மானிக்கிறது. கேபிள் கன்ட்ரோல் ரூம்கள் பெரும்பாலும் பிடிப்பது 'சி பேண்ட்' அலைகளை. அவற்றின் அதிர்வெண் சுமார் 4 கிகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏழரை சென்டிமீட்டர். வீட்டு டிஷ் பிடிப்பது 'கே.யு. பேண்ட்'. அதன் அதிர்வெண் 11 முதல் 12 கிகாஹெர்ட்ஸ் வரை, அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். அலை மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியதால் டிஷ்ஷும் சுருங்கி, இரண்டு போல்ட்டில் சுவரோடு நிற்கும் அளவுக்கு வந்துவிட்டது.

டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குமிழுக்கு எல்.என்.பி. என்று பெயர். டிஷ் குவித்துத் தரும் மிக மெல்லிய சிக்னலை அது பெருக்கி, 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணுக்கு இறக்கி, செட்டாப் பாக்ஸுக்கு அனுப்புகிறது. 12 கிகாஹெர்ட்ஸிலேயே கம்பியில் அனுப்பினால் கீழே வந்து சேர்வதற்குள் சிக்னல் கரைந்துவிடும். அதற்காகவே இந்த இறக்கம்.

சின்ன அலையால் டிஷ் சிறியதாகியது. அதே சின்ன அலை மழைக்கு எளிதில் இரையாகவும் ஆகிறது.

காதங்கியில் அளந்த மழைத்துளிகள்

மழைத்துளியின் விட்டம் பொதுவாக ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரை இருக்கும். ஏழரை சென்டிமீட்டர் சி பேண்ட் அலைக்கு அது ஒரு பொருட்டல்ல. இரண்டரை சென்டிமீட்டர் அலைக்கோ மூன்று மில்லிமீட்டர் துளி என்பது தன் நீளத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்தத் துளி அலையின் ஆற்றலில் கொஞ்சத்தை உறிஞ்சிக்கொள்கிறது, கொஞ்சத்தைத் திசைமாற்றிச் சிதறடிக்கிறது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரத்தைக் கொண்டு கணக்கிட்டால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். மணிக்கு 50 மில்லிமீட்டர் வீதத்தில் கொட்டும் மழையில் 12 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 2.4 டெசிபல் இழக்கிறது. 4 கிகாஹெர்ட்ஸில் அதே மழையில் இழப்பு கிலோமீட்டருக்கு 0.1 டெசிபல்கூட இல்லை. மூன்று டெசிபல் போனால் சக்தி பாதியாகும். அப்படிப்பட்ட மழைக்குள் மூன்று கிலோமீட்டர் கடந்து வரும் கே.யு. சிக்னலில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். சி பேண்ட் சிக்னல் ஏறக்குறைய முழுதாக வந்துவிடும். இடியுடன் மழை கொட்டும்போது டிஷ் வீட்டில் படம் நின்று, கேபிள் வீட்டில் ஓடுவதற்கு இதுதான் காரணம்.

மழை இன்னொரு கெடுதலும் செய்கிறது. தெளிந்த வானம் ரேடியோ அலைகளின் கணக்கில் மிகக் குளிர்ந்தது. அதிலிருந்து டிஷ்ஷுக்குள் வரும் இரைச்சல் குறைவு. மழைத்திரை வெதுவெதுப்பானது, அது தானே ரேடியோ இரைச்சலை உமிழ்கிறது. சிக்னல் தாழும் அதே நேரத்தில் இரைச்சல் ஏறுவதால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

இந்த மழையை நுணுக்கமாக அளந்த ஆய்வுக்கூடம் திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவிலேயே இருக்கிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய காதங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி ஆய்வகம் அது. அங்கே 130 மீட்டருக்கு 130 மீட்டர் பரப்பில் 1,024 ஆண்டெனாக்களை நிறுத்தி அமைத்த 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார், மேலே பல பத்துக் கிலோமீட்டர் வரை காற்றின் அசைவை அளக்கிறது. அந்தப் பெரிய ரேடாரைவிட நம் கேள்விக்கு நெருக்கமான கருவி ஒன்றும் அங்கே உண்டு. அது துளிமானி. 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள கூம்பின்மேல் ஒவ்வொரு துளியும் வந்து மோதும் விசையைக்கொண்டு அதன் அளவைக் கணக்கிடும்.

அந்த அளவீடுகளிலிருந்து காதங்கி ஆய்வாளர்கள் கண்டது இந்த வட்டாரத்துக்கே உரிய செய்தி. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் இங்கே பெய்யும் மழையில் பெரிய துளிகள் அதிகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் சிறிய துளிகளின் பங்கு கூடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் பகல் வெப்பத்தால் நிலத்தின்மேல் எழும் இடிமேகங்கள் வலுவானவை. மேகத்துக்கும் நிலத்துக்கும் நடுவே காற்று உலர்ந்தும் இருக்கிறது. சிறு துளிகள் வழியிலேயே ஆவியாகிவிட, பெருந்துளிகள் மட்டும் தரைக்கு வருகின்றன. மழைமானியில் ஒரே அளவு காட்டும் இரண்டு மழைகளில், பெருந்துளி மழையே கே.யு. சிக்னலை அதிகம் வாட்டும்.

ஆகவே திருப்பதியில் டிஷ் வைத்தவர்களுக்கு ஆகஸ்டு, செப்டம்பர் மாலைகளின் இடிமழைதான் கடுமையான சோதனை. அது பெரும்பாலும் நீடிக்காது. மழைமேகம் கடந்ததும் சிக்னல் தானாகத் திரும்பிவிடும். நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் உருவாகும்போது மழை நாள்கணக்கில் நீடிக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி மிதமான வீதத்தில் பெய்வது. அந்த மிதமான நேரங்களில் சரியாகத் திருப்பி வைத்த டிஷ் தாக்குப்பிடிக்கும்.

பழைய அனலாக் டிவியில் சிக்னல் குறையக் குறையப் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரியும். படம் மங்கினாலும் பார்க்க முடியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை மிகக் குறுகியது. ஓரளவு பிழைகளைப் பெட்டி தானே திருத்திக்கொள்ளும் என்பதால் அதுவரை படம் பளிச்சென்று இருக்கும். திருத்த முடியாத எல்லையைத் தாண்டினால் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும். இந்த இரண்டு நிலைக்கும் நடுவே ஒரு டெசிபல் அளவே இடைவெளி. இதனால் டிஷ் கொஞ்சம் விலகியிருந்தாலும் வெயில் நாளில் நமக்குத் தெரிவதில்லை. முதல் பெருமழையில்தான் தெரியவருகிறது.

மலை மறைப்பதில்லை, பக்கத்து மாடி மறைக்கும்

திருப்பதியில் வீட்டுக்குப் பின்னால் சேஷாசலம் மலை நிற்பதால் டிஷ் சரிப்படாது என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கவலை தேவையில்லை. தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கின்றன. நமக்கு அவை தெற்குப் பக்கத்தில் இருக்கும். மலை இருப்பது நகருக்கு வடக்கே.

திருப்பதியின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டால் ஒவ்வொரு டிஷ்ஷும் எங்கே பார்க்கவேண்டும் என்று தெரிந்துவிடும். டாடா பிளேயின் செயற்கைக்கோள்கள் 83 டிகிரி கிழக்கில் இருக்கின்றன. அந்த டிஷ் கிட்டத்தட்டத் தெற்கே, கொஞ்சம் கிழக்கு சாய்ந்து, தரையிலிருந்து 73 டிகிரி உயரத்தைப் பார்க்கவேண்டும். தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் ஒளிபரப்பைச் சுமக்கும் ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். அதற்குத் தென்கிழக்கில் 67 டிகிரி உயரம். ஏர்டெல் பயன்படுத்தும் 108.2 டிகிரி இடத்துக்குக் கிழக்கு-தென்கிழக்கில் 53 டிகிரி. சித்தூருக்கும் ஏறக்குறைய இதே கோணங்கள்தான்.

முதல் இரண்டும் செங்குத்துக்கு நெருக்கமான பார்வை. தில்லியில் 83 டிகிரி செயற்கைக்கோளைப் பார்க்க 56 டிகிரி உயரம்தான் கிடைக்கும். அண்ணாந்து பார்க்கும் டிஷ்ஷுக்கு இரண்டு நன்மைகள் உண்டு. மழைப்படலத்தைச் சாய்வாக நெடுந்தூரம் ஊடுருவாமல் குறுக்கே சீக்கிரம் கடந்துவிடலாம். பக்கத்துக் கட்டடங்களுக்கு மேலாகவும் பார்க்கலாம்.

இதை வீட்டிலேயே கணக்கிடலாம். டிஷ் பார்க்கும் திசையில் அதைவிடப் பத்து மீட்டர் உயரமான கட்டடம் ஒன்று இருந்தால், 73 டிகிரி பார்வையை மறைக்க அது 3 மீட்டருக்குள் நிற்கவேண்டும். 67 டிகிரிக்கு 4 மீட்டருக்குள், 53 டிகிரிக்கு ஏழரை மீட்டருக்குள். நெருக்கமான அடுக்ககத்தில் ஒரு நிறுவனத்தின் டிஷ் வேலை செய்து இன்னொன்று செய்யாமல் போக இந்த வித்தியாசமே போதும். வடக்கு பார்த்த பால்கனியில் எந்த நிறுவனத்தின் டிஷ்ஷும் உதவாது. மொட்டை மாடியில் இடம் வேண்டும். தென்கிழக்கில் இன்று தோள் உயரத்தில் நிற்கும் வேப்பங்கன்று ஐந்து ஆண்டில் மறைப்பாக வளரும். ஈரமான இலைகள் கே.யு. அலையை நன்றாகத் தடுக்கும்.

60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலம் சுமார் 3 டிகிரி. செயற்கைக்கோளிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே சக்தி பாதியாகிவிடும். அடிவாரத் தெருக்களில் திரியும் குரங்குகள் டிஷ்ஷில் ஏறி உட்கார்ந்தாலோ, புயல் காற்று போல்ட்டைத் தளர்த்தினாலோ அந்த ஒன்றரை டிகிரிக்கு அதிக நேரம் ஆகாது.

செயற்கைக்கோளே பழுதாகும் அரிய சந்தர்ப்பமும் உண்டு. 2010 ஜூலையில் 93.5 டிகிரியில் இருந்த இன்சாட்-4பி செயற்கைக்கோளின் மின்சார அமைப்பில் கோளாறு ஏற்பட்டு, சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் அதன் டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்கவேண்டியதாயிற்று. அதைப் பயன்படுத்திய டிஷ் நிறுவனமான சன் டைரக்ட் 91.5 டிகிரியில் இருந்த மெயசாட்-3 செயற்கைக்கோளுக்கு மாறியது. இரண்டுக்கும் இடையே இரண்டே டிகிரி. 3 டிகிரிப் பார்வையுள்ள டிஷ்ஷுக்கு அந்த இரண்டு டிகிரி பெரிய விலகல்.

தெருவில் தேயும் சிக்னல்

கேபிளின் பக்கம் வருவோம். கன்ட்ரோல் ரூமுக்கு நல்ல சிக்னல் வந்துவிடுகிறது. அங்கிருந்து உங்கள் வீடு வரை வரும் வழிதான் கேபிளின் சோதனைக்களம்.

வீட்டுக்குள் வரும் கறுப்பு அல்லது வெள்ளை வட்டக் கம்பி ஆர்.ஜி-6 எனப்படும் கோஆக்சியல் கேபிள். 550 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் இதில் நூறு மீட்டர் போனால் சுமார் 16 டெசிபல் குறையும். அதாவது ஏறத்தாழ இருபது மீட்டருக்கு ஒருமுறை சக்தி பாதியாகிக்கொண்டே போகும். தாழ்ந்த அதிர்வெண்களில் இழப்பு இதைவிடக் குறைவு. அதனால்தான் நீண்ட கம்பியின் கடைசி வீட்டில் சில சேனல்கள் சரியாக வந்து, உயர் அதிர்வெண்ணில் இருக்கும் சேனல்கள் மட்டும் உடைகின்றன.

தேய்ந்த சிக்னலைத் தூக்கிவிடத் தெருவில் ஆங்காங்கே ஆம்ப்ளிஃபயர் வைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் சிக்னலோடு இரைச்சலையும் பெருக்குகிறது. தன் பங்குக்கும் கொஞ்சம் சேர்க்கிறது. ஐந்தாறு ஆம்ப்ளிஃபயர் தாண்டி வரும் வீட்டுக்குச் சிக்னலின் அளவு போதுமானதாகத் தெரிந்தாலும் தரம் தாழ்ந்திருக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரமும் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும், இரண்டு தெரு தள்ளி ஆம்ப்ளிஃபயர் இருக்கும் கம்பத்தில் மின்சாரம் போனால் படம் போய்விடும். டிஷ் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதுவே போதும்.

கேபிளின் மற்ற நோய்கள் இணைப்புகளில் இருக்கின்றன. மழைநீர் புகுந்து துருப்பிடித்த கனெக்டர், ஒட்டுப்போட்ட கம்பி, ஒரே இணைப்பை நாலாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் ஆகியவை ஒவ்வொன்றும் சிக்னலைத் தின்னும். நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் கால் பங்குதான் மிஞ்சும், அதாவது 6 டெசிபல் இழப்பு. நல்ல செய்தி என்னவென்றால், இவை எல்லாமே மனிதக் கையால் சரிசெய்யக்கூடியவை. கவனமுள்ள கேபிள்காரர் இருக்கும் தெருவில் கேபிள் நன்றாக இருக்கும்.

2021 நவம்பர் மூன்றாம் வாரம் திருப்பதியைப் புரட்டிப்போட்ட மழையை இந்த ஊர் மறக்கவில்லை. சொர்ணமுகியில் வெள்ளம் பாய்ந்தது, மலைப்பாதைகள் மூடப்பட்டன, ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு ஏற்பட்டு ஊர்களைக் காலி செய்தார்கள். அப்படிப்பட்ட நாள்களில் சாய்ந்த ஒரு கம்பம் ஒரு தெருவுக்கே கேபிளை நிறுத்திவிடும். அதை நிமிர்த்தும்வரை திரும்பாது. மழை விட்டால் டிஷ் உடனே வேலை செய்யும். மழைநேரத்தில் கேபிள் வலிமையானது, பேரிடருக்குப் பிறகு டிஷ் வலிமையானது. புயல் எச்சரிக்கையை டிவியில் எதிர்பார்க்கும் குடும்பம் இதை மனத்தில் வைக்கவேண்டும்.

கோஆக்சியல் கம்பியின் பெரிய குறையைக் கண்ணாடி இழை தீர்க்கிறது. ஃபைபரில் இழப்பு கிலோமீட்டருக்கு சுமார் 0.2 டெசிபல், சக்தி பாதியாகப் பதினைந்து கிலோமீட்டர் ஆகும். இடையில் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலேயே ஒரு நகரத்தைத் தாண்டிவிடலாம். மின்னல் பாய்ந்து கடத்த அதில் உலோகக் கடத்தி இல்லை, துருவும் பிடிக்காது. ஆந்திர அரசு தொடங்கிய ஏ.பி. ஃபைபர்நெட் இதை ஊர்களுக்குக் கொண்டுபோக ஒரு குறுக்குவழி கண்டது. மண்ணைத் தோண்டாமல், ஏற்கெனவே இருக்கும் மின்கம்பங்கள் வழியாகவே இழையை இழுத்தது. 2017 டிசம்பர் 27 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதைத் தொடங்கிவைத்தார். 149 ரூபாய் அடிப்படைத் திட்டத்தில் 15 எம்.பி.பி.எஸ். இணையம், தொலைபேசி, 250 சேனல் என்று மூன்றும் சேர்ந்து வந்தன. வீடு வரை கொண்டுசேர்க்கும் வேலை உள்ளூர் கேபிள்காரர்கள் கையிலேயே இருந்தது. கம்பத்தில் போவதால் செலவு குறைந்தது. கம்பம் சாய்ந்தால் இழையும் சாயும் என்ற பலவீனம் மட்டும் கேபிளிடமிருந்து அப்படியே வந்துவிட்டது.

ஃபைபருக்கும் டிஷ்ஷுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கோயில் ஒலிபெருக்கியில் சுப்ரபாதம் ஒலிக்கும்போது கேட்பவர்கள் பத்துப் பேரா, பத்தாயிரம் பேரா என்பதால் ஒலிபெருக்கிக்குச் சுமை கூடுவதில்லை. செயற்கைக்கோள் ஒளிபரப்பும் அப்படித்தான். இன்னும் ஒரு லட்சம் வீடுகள் டிஷ் வைத்தாலும் யாருக்கும் சிக்னல் குறையாது. அதே காரணத்தால் ஒரு வீட்டுக்கென்று தனியாக எதையும் அனுப்ப அதில் வழியில்லை. யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, விருப்பப்பட்ட நேரத்தில் படம் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும் தேவைகளுக்கு இருவழிப் பாதை வேண்டும். அதைக் கேபிளும் ஃபைபரும் தருகின்றன.

சூரியன் குறுக்கே வரும் நாள்கள்

ஆண்டுக்கு இரண்டுமுறை, வானம் துளி மேகமின்றி இருக்கும்போதே டிஷ்ஷில் படம் சில நிமிடம் போய்விடும். பழுதென்று பயந்து ஆள் அனுப்பச் சொல்பவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை. அந்த நேரத்தில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியன் வலிமையான ரேடியோ இரைச்சல் மூலம். டிஷ்ஷின் பார்வைக்குள் அது நுழைந்தால் செயற்கைக்கோளின் மெல்லிய சிக்னல் மூழ்கிவிடும்.

திருப்பதி, சித்தூர் அட்சரேகைக்கு இது மார்ச் நடுவிலும், செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் தொடக்கம் வரையிலும் சில நாள்கள் நிகழும். நேரம் டிஷ் பார்க்கும் திசையைப் பொறுத்தது. 83 டிகிரி செயற்கைக்கோளுக்கு நண்பகலை ஒட்டி, 93.5 டிகிரிக்குக் காலை 11 மணியை ஒட்டி, 108.2 டிகிரிக்கு 10 மணியை ஒட்டி. சூரியன் கேபிளையும் விடுவதில்லை. கன்ட்ரோல் ரூம் டிஷ்களுக்கும் இந்த நிமிடங்கள் வரும். பிரம்மோற்சவம் பல ஆண்டுகளில் இந்த நாள்களை ஒட்டியே அமையும் என்பதால், காலை வாகன சேவையின் நடுவே படம் நின்றால் கொஞ்சம் பொறுத்திருங்கள். சூரியன் நகர்ந்ததும் வந்துவிடும்.

பணமும் மொழியும்

கட்டணச் சேனலுக்கு அதன் உரிமையாளர் அறிவிக்கும் அதிகபட்ச விலை டிஷ், கேபிள் இரண்டுக்கும் ஒன்றுதான். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் இதை உறுதிசெய்தன. சேனல் விலைக்கு மேலே வாங்கும் நெட்வொர்க் கட்டணத்துக்கு முதலில் மாதம் 130 ரூபாய், வரி தனி, என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பு நீக்கப்பட்டது. இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடக்கூடியது அந்தக் கட்டணமும் தொகுப்புத் தள்ளுபடியும்தான். ஒப்பிடும்போது அவற்றைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்குத் தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004 டிசம்பரில் தொடங்கிய இந்தச் சேவைக்கு டிஷ், பெட்டி வாங்கும் செலவு ஒருமுறைதான். நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. டிடி சப்தகிரி, டிடி தமிழ் போன்றவை அதில் கிடைக்கும். முன்னணிக் கட்டணச் சேனல்கள் கிடைக்காது. செய்தியும் பொதுநிகழ்ச்சியும் போதும் என்ற வீட்டுக்கு, ஊருக்கு வெளியே தனித்திருக்கும் தோட்ட வீட்டுக்கு, இது நேர்மையான தீர்வு.

சித்தூர் வட்டாரத்தில் மொழியும் கணக்கில் வரும். தமிழும் தெலுங்கும் புழங்கும் வீடுகள் இங்கே ஏராளம். செயற்கைக்கோளின் கதிர் மாநில எல்லை பார்ப்பதில்லை. சென்னைக்குக் கிடைக்கும் அதே தமிழ்ச் சேனல் சித்தூர் டிஷ்ஷிலும் இறங்குகிறது. பணம் கட்டித் தொகுப்பில் சேர்த்துக்கொண்டால் போதும். கேபிளில் எந்தச் சேனல்களைச் சுமப்பது என்பதைக் கன்ட்ரோல் ரூம் தீர்மானிக்கிறது. எனவே வேண்டிய தமிழ்ச் சேனல்களின் பட்டியலைக் காட்டி முன்கூட்டியே கேட்டுவிடவேண்டும். ஊர்ச் சேனல் வேண்டுமென்றால் கேபிள்தான் வழி. திருப்பதி கங்கம்மா ஜாத்திரை, நகராட்சிச் செய்தி, உள்ளூர்ப் பள்ளி விழா ஆகியவற்றைக் காட்டும் சிறு சேனல்கள் செயற்கைக்கோளுக்கு ஏறுவதில்லை. தெருக்கம்பியிலேயே பிறந்து அதிலேயே வாழ்கின்றன.

எந்த வீட்டுக்கு எது

தென்கிழக்கு வானம் திறந்திருக்கும் மொட்டை மாடி, வீட்டில் இன்வெர்ட்டர், அடிக்கடி மின்சாரம் போகும் தெரு என்றால் டிஷ் எடுங்கள். நகருக்கு வெளியே இருக்கும் கிராமங்களுக்கும் அதுவே நல்லது. கம்பி கடைசியாக வந்து சேரும் இடத்தில் சிக்னலும் தேய்ந்துதான் வரும். வடக்கு பார்த்த அடுக்கக வீடு, மாடியில் இடம் தராத சங்கம், பக்கத்தில் உயரமான கட்டடம், ஊர்ச் செய்தியில் ஆர்வம் என்றால் கேபிள். பிள்ளைகளுக்கு எப்படியும் இணையம் வாங்கத்தான் போகிறோம் என்ற வீட்டில், தெருவரை ஃபைபர் வந்திருந்தால், டிவியையும் அதிலேயே எடுப்பது சிக்கனம். மூத்தவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் கூப்பிட்டதும் வரக்கூடிய கேபிள்காரர் அருகில் இருக்கிறாரா என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள்.

டிஷ் எடுப்பவர்கள் பொருத்த வந்தவரை அவசரமாக அனுப்பிவிடாதீர்கள். செட்டாப் பாக்ஸ் மெனுவில் சிக்னலின் வலிமை, தரம் என இரண்டு எண்கள் இருக்கும். வலிமையைவிடத் தரமே முக்கியம். படம் வந்துவிட்டது என்பதோடு நிற்காமல், அந்தத் தர எண் இதற்குமேல் ஏறாது என்ற இடம்வரை டிஷ்ஷைத் திருப்பச் சொல்லுங்கள். மழை எடுத்துக்கொள்ளப்போகும் டெசிபல்களுக்கான கையிருப்பு அங்கேதான் சேர்கிறது. மழை அடிக்கடி தொந்தரவு தந்தால் 60 சென்டிமீட்டருக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைக்கலாம். பரப்பு இரண்டே கால் மடங்காகும். மூன்றரை டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும். பல இடிமழைகளை அது கடத்திவிடும்.

கேபிள் எடுப்பவர்கள் கேபிள்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். ஃபைபர் எந்தக் கம்பம்வரை வருகிறது? அங்கிருந்து என் வீட்டுக்கு எத்தனை ஆம்ப்ளிஃபயர்? மின்சாரம் போனால் அவற்றுக்குப் பேட்டரி உண்டா? தெளிவான பதில் தருபவர் தன் தெருவை அறிந்தவர். அவரை நம்பி இணைப்பு எடுக்கலாம்.

எதை எடுத்தாலும், இணைப்புக் கொடுத்த நாளின் தர எண்ணை ஒரு தாளில் எழுதி டிவிக்குப் பின்னால் ஒட்டி வையுங்கள். தென்மேற்குப் பருவம் தொடங்கும் ஜூனுக்கு முன்பும், புயல் காலமான அக்டோபருக்கு முன்பும் அதே மெனுவைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இறங்கியிருந்தால் டிஷ் நகர்ந்திருக்கிறது, அல்லது ஒரு கனெக்டர் துருப்பிடித்திருக்கிறது. மழை வருவதற்கு முன்பே ஆளைக் கூப்பிட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள்.